நொதியின் இடுக்கில் சென்னியப்பன்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். எட்ட இருந்து கேட்டால் பாதிக் கதை காற்றோடு போய்விடும், பிறகு யார் யாரை இழுத்தார்கள் என்று நடுவில் நிறுத்திக் கேட்பீர்கள். காலை மடக்கிக்கொள்ளுங்கள். ஆயிற்றா?

நொச்சிக்காட்டுப்புதூரில் பப்பாளிப் பாலிலிருந்து வருகிற நொதி, ஒவ்வொன்றும் வைக்கோல் போர் அளவுக்கு இருக்கும்.

விடிந்ததும் பச்சைக் காயில் பிளேடால் மேலோட்டமாகக் கீறுவார்கள். பால் சொட்டும். மரத்தடியில் விரித்த படுதாவில் சொட்டு விழும், விழுந்த சொட்டு எழுந்து நிற்கும். அதுதான் நொதி. பேர் கம்பெனிக்காரர்கள் வைத்தது. ஆகிருதி எப்படி என்றால், இரண்டு வைக்கோல் போரைத் தோளோடு தோள் சாய்த்து வைத்தது போல. நடுவில் மேலிருந்து கீழ்வரை ஓர் இடுக்கு. அதன் பிழைப்பு முழுக்க அந்த இடுக்கில்தான்.

கோத்தது எதுவோ அதை அறுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. பூமாலையைக் கொடுத்தால் அறுக்கும். ஈர்க்கில் கோத்த மீனைக் கொடுத்தால் அறுக்கும். கருங்கல்லையும் வெல்லக்கட்டியையும் கொடுத்தால் சீண்டாமல் விட்டுவிடும். அதிலும் ஒரு நறுவிசு உண்டு. கோத்து வருவதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கும். தடித்ததாக, எண்ணெய்ப் பிசுக்குள்ளதாக ஒன்று வந்தால் அதை இடுக்குக்குள் இருக்கிற குழியில் பதமாக உட்கார வைத்துக்கொள்ளும். வெட்டு அதன்மேல் விழாது. பக்கத்துக் கண்ணியில் விழும்.

பகலெல்லாம் நொதிகள் களத்தில் நின்று காயும். நன்றாகக் காய்ந்தால் ஒரு கைப்பிடிக்குச் சுருங்கும். இடுக்கில் ஏதாவது இருந்தால் அதுவும் கூடவே சுருங்கும். பொழுது சாய லாரி வந்து தகரப் பெட்டிகளில் அள்ளிப் போட்டுக்கொண்டு போகும். கம்பெனியில் பொடித்துவிடுவார்கள்.

இந்த ஊரில் துளசிமணி என்று ஒருத்தி. அவள் புருஷன் சென்னியப்பன், பப்பாளிக்குக் கீறல் போடுகிறவன். நல்ல தாட்டியான ஆள். ஒரே வளவில் நடுச்சுவர் வைத்து இரண்டு வீடு. சுவருக்கு இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் சென்னியப்பனின் அண்ணன் நாச்சிமுத்தும் அவர் சம்சாரம் பழனாத்தாளும்.

புருஷனின் அண்ணன் என்றால் மச்சாண்டார் முறை. எதிரே நின்று முகம் பார்த்துப் பேசக்கூடாது. ஆகவே துளசிமணி கல்யாணமாகி வந்த நாள் முதல், நாச்சிமுத்துவிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் வாசல் வேப்பமரத்திடம் சொல்லுவாள். "வேப்பமரமே, உங்க எருமை கயித்தை அத்துக்கிச்சு" என்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் நாச்சிமுத்து எழுந்து எருமையைப் பிடிக்கப் போவார். பதில் சொல்வதென்றால் அவரும் மரத்திடம்தான் சொல்வார். மரத்துக்கு இரண்டு வீட்டு நியாயமும் அத்துப்படி.

அன்று சனிக்கிழமை. சென்னியப்பன் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு, ஊறுவதற்கு இடம் தேடினான். களத்தில் வரிசைக்கு நின்ற நொதிகளில் முன்னால் நின்றதன் இடுக்கு நிழலாக இருந்தது. போய் உட்கார்ந்தான். குழியில் பாந்தமாகப் பொருந்தியது. நெஞ்சுக்கு மேலே வெளியில், மிச்சம் உள்ளே.

"அம்மிணி, செஞ்சு வச்சாப்ல இருக்குது. குளுகுளுன்னு," என்றான்.

"வெந்நி காஞ்சிருச்சுங்க. எந்திரிச்சு வாங்க," என்றாள் துளசிமணி.

தடித்த ஆள் அல்லவா, முக்கி முனகிக்கொண்டு எழப் பார்த்தான். புதூர்க்காரர்களுக்கு ஒரு குணம். யாராவது எழுந்திருக்கச் சிரமப்படுவதைப் பார்த்துவிட்டால் கை கொடுத்து இழுக்காமல் இருக்க முடியாது. சாப்பிட்டுவிட்டு மெதுவாக எழுந்திருப்பவரைக்கூட நாலு பேர் சேர்ந்து தூக்கி நிறுத்திவிடுவார்கள். நாச்சிமுத்து சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார், சுற்றிக்கொண்டு வந்தார், தம்பியின் கையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார்.

கத்தரி வாய் மூடுகிற மாதிரி சின்னதாக ஒரு சத்தம்.

நாச்சிமுத்து கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தார். சென்னியப்பனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க, உங்களை எங்கியோ பாத்தாப்ல இருக்குது. எந்த ஊருங்க?"

"இதே ஊருதானுங்க," என்றான் சென்னியப்பன். "நீங்க?"

"நானும் இதே ஊருதானுங்க."

"அப்படிங்களா? ரொம்ப சந்தோசம்."

நாச்சிமுத்துவுக்கு மற்றதெல்லாம் நினைவிருந்தது. எருமை, வரப்பு, யார் வீட்டு விசேஷத்தில் யார் முகம் சுளித்தார்கள் என்பது வரைக்கும். தம்பி என்பது மட்டும் இல்லை. சென்னியப்பன் இருந்த இடத்திலேயே இருந்தான். முன்பாவது ஆடி அசைந்தான். இப்போது தோளை யாரோ அழுத்திப் பிடித்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது.

அடுத்து பங்காளி குப்பண்ணன் ஓடிவந்து இழுத்தான். அதே சத்தம். "நேரமாச்சுங்க, நான் வழியே போறவன்," என்று சொல்லிவிட்டு நாச்சிமுத்துவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். அதற்கடுத்து, வாராவாரம் கூடச் சீட்டாடுகிற மாரப்பன் இழுத்தான். அவனும் வழிப்போக்கனானான். மூன்று பேரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

துளசிமணி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கையை நீட்டினாள். நீட்டியவள் வழிப்போக்கர் மூவரையும் ஒருமுறை பார்த்தாள். கையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அவளுக்கு அப்பன் ஆத்தாள் இல்லை. கூடப் பிறந்தவர் யாரும் இல்லை. இருந்த ஓட்டு வீடும் போய், அந்த இடத்தில் பைபாஸ் ரோடு ஓடுகிறது. அவளைக் கோத்திருந்த சரத்தில் சென்னியப்பன் ஒருவன்தான். அவன் கையைத் தொட்டால் சரம் அறுந்தது. அவன் "அம்மிணி யாருங்க?" என்று மரியாதையாகக் கேட்பான், இவளும் "சும்மா இந்தப் பக்கமா வந்தனுங்க" என்பாள். தொடாமல் விட்டாலோ, பொழுது சாய லாரி.

"என்ன அம்மிணி, எல்லாரும் இழுக்கறாங்க, நீ மட்டும் பாத்துட்டு நிக்கிறே?" என்றான் சென்னியப்பன்.

"வாயை மூடிக்கிட்டு இருங்க. வெந்நியைத் திரும்ப அடுப்புல வச்சிருக்கேன்."

அவள் நேரே போய் அட்டைக்கார அர்த்தநாரியைக் கூட்டிவந்தாள். அர்த்தநாரிக்குத் தறி அட்டையில் துளை குத்துகிற வேலை. சேலைக் கரையில் அன்னம் வேண்டும் என்றால் எங்கெங்கே துளை விழ வேண்டும் என்று அவருக்குத் தெரியும். துளையைக் காட்டினால் அதில் வரப்போவது அன்னமா மயிலா என்று தலைகீழாகவும் சொல்லுவார். அதனால் ஊரில் எதற்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஊர் முறையில் அவர் சென்னியப்பனுக்குச் சித்தப்பன். புதூரில் யாருக்கும் யாரும் ஒன்றுமில்லாமல் போக மாட்டார்கள். பால் ஊற்றுகிறவன்கூட ஏதோ ஒரு வழியில் மாமன்.

அர்த்தநாரி நொதியைச் சுற்றி வந்தார். "ஒண்ணே ஒண்ணை நிறுத்தி வச்சு வெளிச்சம் விட்டா வெளிச்சம் கண்டுக்காது, தாயி," என்றார். "இதே மாதிரி நிறைய, இதே திக்குப் பாத்து, இதே நிலைமையில நிக்கோணும். அப்பத்தான் சுவத்துல புள்ளி விழுகும், அதைப் படிச்சு உள்ளே என்ன நடக்குதுன்னு சொல்லலாம்."

"இதே நிலைமைன்னா?"

"உள்ளே எண்ணெய் தேச்ச ஆளு. அவரை ஒரு சொந்தம் இழுத்து, அறுந்து, எட்ட நிக்கோணும்."

துளசிமணி ஊருக்குள் போய்ச் சொன்னாள். ஊர் வழக்கம் அது. சாவு வீட்டுக்குத் தோள் கொடுக்க வீட்டுக்கு ஓர் ஆள் அனுப்புவதில்லையா, அது போல வீட்டுக்கு ஓர் ஆம்பளையும் ஓர் உறவுக்காரரும் வந்தார்கள். எந்த உறவைக் கொடுப்பது என்பதில்தான் கொஞ்சம் நேரமாயிற்று. ஒருத்தி தன் புருஷனுக்கு அவன் சகலையைக் கூட்டிவந்தாள். "வந்தா ஒரு மாசம் உக்காந்து தின்னுட்டுப் போறவரு. இவரு அறுந்தாப் பரவால்லைங்க," என்றாள். சகலை சிரித்துக்கொண்டே வந்தார், அவருக்கும் அதே எண்ணம் போலிருக்கிறது. குப்புராசுவுக்குச் சம்பந்தி கிடைத்தார். இரண்டு பேரும் பெண் கொடுத்து எடுத்த நாளிலிருந்து பேசிக்கொள்வதில்லை. அறுந்த பிறகு அன்று முழுக்கச் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டார்கள்.

ஒல்லியான ஆட்களுக்கு வயிற்றில் பஞ்சு கட்டி, எண்ணெய் தேய்த்து, குழியில் பொருந்த வைத்தார்கள். களம் முழுக்க நொதி வரிசை, நெல் நாற்று நட்ட மாதிரி. எல்லாவற்றின் இடுக்கும் பஞ்சு மில்லின் வெள்ளைச் சுவரைப் பார்த்து.

"குப்புராசு, தலையைத் திருப்பாதே!" என்று அர்த்தநாரி கத்தினார்.

"கிழக்கே பாத்துத்தானுங்க எனக்கு ராசி."

"உன்ற ராசியினால சுவரெல்லாம் புள்ளி இழுபட்டுக் கெடக்குது, பாரு. சாணி மெழுகினாப்ல."

குப்புராசு மனமில்லாமல் மேற்கே திரும்பினான். கடைசி வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டான். ஒருவன் கொட்டாவி விட்டால் எல்லோரும் விட்டுத்தான் தீருவார்கள் என்பதால் மொத்தக் களமும் ஒரே நேரத்தில் விட்டது, புள்ளி கலையவில்லை. வெயில் வரிசைக்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்தபோது மில் சுவரில் கொத்துக் கொத்தாக வெளிச்சப் புள்ளிகள் நின்றன.

அர்த்தநாரி வெற்றிலையை மென்றுகொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"எந்தப் புள்ளி பளிச்சுன்னு இருக்குது, எது மங்கல், அது தெரியுது. எது முந்தி வந்துது, எது பிந்தி வந்துதுன்னு தெரியலை. அது தெரியாம மயிலையும் சொல்லலாம், மாட்டு வண்டியையும் சொல்லலாம். கனமா ஒண்ணு வேணும். எல்லாத்துலயும் ஒரே இடத்துல வச்சா, எந்தப் புள்ளி அசையுதுன்னு பாத்து முறையைப் பிடிச்சிரலாம்."

வீட்டுக்கு வீடு இருக்கிற கனம் அம்மிக் குழவிதான். பெண்கள் போய்த் தூக்கிவந்து அவரவர் புருஷனின் இடத் தோளில் வைத்தார்கள். "பாத்து வையி, காலையில அரைச்ச மொளகா இன்னும் ஒட்டிட்டு இருக்குது," என்று ஒருவன் கெஞ்சினான். சுவரில் சில புள்ளிகள் எழும்பின, சில அடங்கின. அர்த்தநாரி தலையாட்டினார்.

"இப்பச் சொல்றேன், கேட்டுக்கோ. இடுக்குக்கு இந்தச் சுவத்துல ஒருத்தன் இருக்கறான். மத்தாப்புக் கொளுத்தினாப்ல கந்தக வாடை அடிக்கறவன். அவன்தான் வெட்டறவன். எதிர்ச் சுவத்துல ஒருத்தன். அவன் வெட்ட மாட்டான், இவனை உசுப்பி விடறதோட சரி. வெட்டு விழுந்ததும் இழுத்த ஆளு வெளிய போயிருவாரு. உக்காந்த ஆளோட தோளை மட்டும் கந்தகக்காரன் பிடிச்சுக்குவான்."

"எப்ப விடுவான்?"

"தண்ணி வந்தா விடுவான். வெளிய இருந்து வாளியில ஊத்தினா வழிஞ்சு போயிரும், இடுக்கோட ஓரத்துல உள்ளங்கை அளவு ஒரு இடம் இருக்குது. அதுல கொண்டு போய் வச்சா எதிர்ச் சுவத்துக்காரன் வாங்கிக் குடுப்பான். இவன் கையைத் தளத்திருவான்." அர்த்தநாரி துப்பிவிட்டு வந்தார். "நீங்க எல்லாம் என்ன பண்ணுனீங்க? தண்ணி வரவேண்டிய அதே இடத்துல ஆளாளுக்குக் கையை நீட்டி இழுத்தீங்க. முதல்ல நாச்சிமுத்து இழுக்காம இருந்திருந்தா இவன் முக்கி முனகித் தானே எந்திரிச்சு வந்திருப்பான்."

எழுந்திருக்கச் சிரமப்படுகிற ஆளை எப்படி இழுக்காமல் இருப்பது?

துளசிமணி சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டுகொண்டு வந்தாள். நொதியின் விளிம்பு வரை போய் நின்றாள்.

"அம்மிணி," என்றார் அர்த்தநாரி, "தண்ணியைக் கொண்டு போறதும் கைதானே? அந்த இடத்துல சொந்தக்காரங்க கை போனா கோத்துக்கும். கோத்தா அறுத்துப் போடும்."

"நீங்க கொண்டு போங்களேன்."

"நான் சித்தப்பனாச்சே."

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். மாமன், அத்தை, மச்சான், பெரியப்பன், ஒன்றுவிட்ட மருமகன். ஊரே சரம் சரமாக நின்றது. வெயில் மேற்கே இறங்கத் தொடங்கியிருந்தது. கடைசி வரிசை நொதிகளின் விளிம்பு காய்ந்து வெளுத்தது, உள்ளே இருந்தவர்களின் காது சற்றே சின்னதாகியிருந்தது. சென்னியப்பனின் குரல்கூடக் கொஞ்சம் மெலிந்துதான் வந்தது. "அம்மிணி, வெந்நி கொதிச்சுக்கிட்டே இருந்தா வத்திருமே," என்றான்.

அப்போதுதான் களத்து ஓரத்தில் சகலை, சம்பந்தி எல்லோரோடும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த வழிப்போக்கர்கள் அவள் கண்ணில் பட்டார்கள். துளசிமணி சொம்போடு நாச்சிமுத்துவிடம் போனாள். வேப்பமரத்தைத் தேடிப் போகவில்லை. எதிரே நின்றாள். இத்தனை காலத்தில் அவர் முகத்தை அவள் நேராகப் பார்த்தது அப்போதுதான். வலப் புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது.

"ஏனுங்க, உங்களைத்தானுங்க. ஒரு ஒத்தாசை பண்ணோணும்."

"சொல்லுங் அம்மிணி."

"அந்தா உக்காந்திருக்கறாரே, அவரு உங்களுக்கு என்ன வேணுங்க?"

நாச்சிமுத்து நன்றாகப் பார்த்தார். "ஒண்ணும் வேண்டாமுங்க. இன்னைக்குக் காலையிலதான் அறிமுகம்."

"இந்தத் தண்ணியைக் கொண்டு போய் அவரு பக்கத்துல, இடுக்கோட ஓரத்துல வைக்கறீங்களா?"

"முன்ன பின்னத் தெரியாத வீட்டுல தண்ணி வாங்கிக் குடிச்சிருக்கேன். கொண்டு போய்க் குடுத்ததில்லை."

"தெரிஞ்ச வீடா இருந்தா உங்களைக் கேக்கவே மாட்டனுங்க."

அது அவருக்கு நியாயமாகப் பட்டது. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி, இடுக்கின் ஓரத்துக்கு நீட்டினார். கோத்த நூல் ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி இடுக்கு அவர் கையைத் தடவிப் பார்த்தது. கோப்பதற்கு ஒன்றும் அகப்படவில்லை. தண்ணீர் உள்ளே போயிற்று. கந்தக வாடை குப்பென்று வந்து அடங்கியது. சென்னியப்பன் நுங்கு தோண்டினாற்போல வழுக்கி வெளியே வந்து நின்றான்.

"ரொம்ப உபகாரமுங்க," என்றான் நாச்சிமுத்துவிடம்.

"இருக்கட்டுங்க. உடம்பைப் பாத்துக்குங்க."

அதன்பிறகு சகலை தண்ணீர் கொண்டு போய்ச் சகலையை விடுவித்தார். சம்பந்தி சம்பந்தியை. அவரவரை அறுத்துக்கொண்டு போனவரே அவரவருக்குத் தண்ணீர் கொண்டு வந்தார். பெண்கள் அம்மிக் குழவிகளைக் கழுவித் தூக்கிக்கொண்டு போனார்கள். குப்புராசு எழுந்ததும் முதல் வேலையாகக் கிழக்கே திரும்பி நின்றான்.

சென்னியப்பன் வெந்நீரில் குளித்துவிட்டு வந்தான். வந்தவன் நாச்சிமுத்து வளவு வாசலைத் திறந்துகொண்டு போவதைப் பார்த்தான்.

"அம்மிணி, யாரோ வழிப்போக்கர், நம்ம வளவுக்குள்ள அவரு பாட்டுக்குப் போறாரே?"

"அவரு அங்கதான் குடியிருக்கறாரு."

"அப்படியா? நல்ல மனுசனாட்ட இருக்குது."

நாச்சிமுத்துவும் நடையில் தயங்கி நின்றார். வாசலுக்குப் பாதியில் நின்று மடியைத் தடவிப் பார்த்தார், தோள் துண்டைத் தொட்டுப் பார்த்தார். எதையோ எங்கேயோ வைத்துவிட்டு வந்த ஆள் எப்படி நிற்பாரோ அப்படி. துளசிமணி அதைப் பார்த்தாள்.

அர்த்தநாரி புள்ளியில் பார்த்துச் சொன்னதில் இன்னொன்றும் இருந்தது. களத்தில் இருந்து போகிறபோது சும்மா சொல்லிவிட்டுப் போனது. ஈரம் இருக்கிற வரைக்கும் அந்த வாய் அறுக்கும், ஈரம் போய் இன்னும் சுருங்காத சித்த நேரம் இருக்கிறதே, அப்போது அதே வாய் கோக்கும் என்று. மற்றவர்கள் குழவி கழுவுகிற மும்முரத்தில் காதில் வாங்கவில்லை.

"உங்களைத்தானுங்க, சித்த இங்க வாங்க," என்று நாச்சிமுத்துவைக் கூப்பிட்டாள்.

அறுந்ததைத் திரும்பக் கோக்கலாம் என்று அவள் சொன்னதும் சென்னியப்பனுக்குப் புரிந்துவிட்டது. அவன் வாசலில் நின்ற சித்த நேரத்தில் வழியே போன ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகச் சொல்லி, நாச்சிமுத்து தனக்கு அண்ணனாக இருந்தவர் என்பது அதற்குள் அவன் காதுக்கு வந்திருந்தது. "ஒட்டறதுன்னா பழையபடி எனக்கு அண்ணனாவே ஒட்டிரு," என்றான்.

"அவரு உங்களுக்கு அண்ணனா இருந்து நான் என்னத்தைக் கண்டேன்? வேப்பமரத்துக்கிட்டப் பேசிப் பேசி எனக்குத் தொண்டை கட்டினதுதான் மிச்சம்."

"பின்னே?"

அவள் திரும்பி நாச்சிமுத்துவிடம் கேட்டாள். "உங்களுக்குக் கூடப் பொறந்தவங்க யாராச்சும் உண்டுங்களா?"

"ஒருத்தரு இருந்தாப்ல நெனப்பு. இல்லைங்க."

"எனக்கும் இல்லைங்க."

களத்தில் நொதிகள் வெளுத்து நின்றன. காலையில் சென்னியப்பனைப் பிடித்திருந்த நொதியிடம் போய், இடுக்குக்கு இந்தப் பக்கம் அவள் கையை வைத்தாள். அந்தப் பக்கம் அவர் கையை வைக்கச் சொன்னாள். சென்னியப்பனின் எண்ணெய் இன்னும் குழியில் மினுங்கியது. நொதி இரண்டு கையையும் தடவிப் பார்த்தது. ஊசி நூலில் முடிச்சு விழுகிற மாதிரி ஓர் இறுக்கம். அவ்வளவுதான்.

நாச்சிமுத்து கையை எடுத்தார். அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்ன கண்ணு, இப்படி எளைச்சுப் போயிட்டே?" என்றார்.

துளசிமணிக்குச் சட்டென்று கண் நிறைந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

நாச்சிமுத்து சென்னியப்பனிடம் திரும்பினார். "என்ன மாப்ளே, என்ற தங்கச்சிக்கு நேரா நேரத்துக்குச் சோறு போடறீங்களா இல்லையா? காது வெறுங்காதா இருக்குது. கேக்க ஆளில்லைன்னு நெனச்சீங்களா?"

சென்னியப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அடக்கமாக நின்றான். "இல்லீங் மச்சான். தீபாவளிக்குப் பண்ணிரலாமுன்னு இருந்தேன்."

"எந்தத் தீபாவளிக்கு?"

"வர்ற தீபாவளிக்குங் மச்சான்."

நாச்சிமுத்துவின் சம்சாரம் பழனாத்தாள் கூடையில் எருவாட்டியோடு அந்தப் பக்கமாக வந்தாள். நேற்றுவரை ஓரகத்தி, நடுவில் ஒரு பகல் ஒன்றுமில்லை, இப்போது அண்ணி. விஷயத்தைக் கேட்டாள். இடுப்பில் கை வைத்தாள்.

"அண்ணன் தங்கச்சி ஆயிட்டீங்க. சரி. பொங்கலுக்குச் சீர் கொண்டாருவோம், அதுவும் சரி. ஆனா பொறந்த ஊடு இப்படியா சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும்? இங்க நான் பருப்புத் தாளிச்சா அங்க நீ தும்முவே. விருந்தாடி வந்துட்டுத் திரும்பிப் போறப்ப வழியில ஒரு பொட்டு அழுகவாச்சும் தூரம் வேண்டாமா? ஊருல சிரிப்பாங்க, அம்மிணி."

"அது வாஸ்தவந்தானுங் அண்ணி," என்றாள் துளசிமணி.

பைபாஸ் வந்த பிறகு யாரும் போகாத பழைய ரோடு ஒன்று ஊருக்கு வடக்கே கிடந்தது. புளியமரங்களும் மைல்கல்லும் ஒரு ரயில்வே கேட்டும் அதோடு கிடந்தன. யாருக்கும் உபயோகமில்லை. துளசிமணி போய் அதன் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். சென்னியப்பனும் நாச்சிமுத்துவும் மச்சானும் மாப்பிள்ளையுமாக ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். அவள் தன் வாசற்படியை இடுக்குக்கு இந்தப் பக்கம் கொடுத்தாள், ரோட்டின் ஒரு நுனியை அந்தப் பக்கம் கொடுத்தாள். கோத்தது. பிறகு ரோட்டின் மறு நுனியையும் நாச்சிமுத்துவின் வாசற்படியையும் கொடுத்தாள். அதுவும் கோத்தது; இனி இந்த வாசலிலிருந்து அந்த வாசலுக்கு அந்த ரோடு முழுக்கக் கடந்துதான் போக வேண்டும். அதோடு நொதி ஒரு கைப்பிடிக்குச் சுருங்கிவிட்டது.

லாரி வந்தது. டிரைவர் இறங்கிப் பெட்டிகளைத் திறந்து பார்த்தான்.

"என்னுங்க, இன்னைக்கு எல்லாத்துலயும் நல்லெண்ணெய் வாடை அடிக்குது?"

"சனிக்கிழமைங்க," என்றாள் துளசிமணி.

அவன் ஏற்றிக்கொண்டு போனான்.

மறுநாள் விடிந்ததும் துளசிமணி இரண்டு நல்ல சேலையை மடித்து ஒரு பையில் வைத்தாள். முறுக்கு ஒரு தூக்குப்போசியில். தலைநிறையப் பூ. சென்னியப்பன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கூட வந்தான்.

"எப்ப அம்மிணி திரும்பி வருவே?"

"பொறந்த ஊட்டுக்குப் போறவகிட்ட அப்படிக் கேக்கக் கூடாதுங்க. எங்கண்ணன் கொண்டாந்து விடுவாரு."

பஸ் வந்தது. கண்டக்டர் எங்கே என்று கேட்டான். கடைசி ஸ்டாப் என்றாள். நடுவில் ரயில்வே கேட் போட்டால் நேரமாகும், மதியச் சாப்பாட்டுக்குத்தான் போய்ச் சேரும் என்றான். பரவாயில்லை என்று ஜன்னலோரமாகப் பார்த்து உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் நடுச்சுவர் தெரிந்தது. சுவருக்கு மேலே, அந்தப் பக்கத்து வாசலில் நாச்சிமுத்து வெள்ளை வேட்டி கட்டி வழி பார்த்து நின்றுகொண்டிருந்தார். பழனாத்தாள் பருப்புத் தாளித்த வாசம் பஸ்ஸுக்குள் வந்தது. துளசிமணி ஒரு தும்மல் தும்மினாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "அண்ணா, கெளம்பிட்டேன், சாப்பாட்டுக்கு வந்துருவேன்" என்று சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி சொல்லிவிட்டு, கண்டக்டரிடம் டிக்கெட்டை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள்.